கையில் விழுந்த எழுத்துக்கு ஏற்ற சொல்

ஸ்கிராபிள் பையில் இருக்கும் எழுத்துக் காய்கள் மொத்தம் 100. அவற்றில் 98 காய்களில் எழுத்து உண்டு, இரண்டு வெற்றுக் காய்கள். வெற்றுக் காயை எந்த எழுத்தாகவும் சொல்லி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். பலகையில் 15க்கு 15 கட்டங்கள். ஆட்டக்காரரின் ரேக்கில் ஏழு காய்கள் நிற்கும். வைத்த அளவுக்குப் பையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த எழுத்து வரும் என்பது கையின் அதிர்ஷ்டம். வந்த எழுத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. அதைப் படித்துத் தயாராக முடியும். இந்த அத்தியாயம் அந்தப் படிப்பைப் பற்றியது.

முதலில் எழுத்துப்பெயர் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் தமிழில் எழுதும்போது இரண்டு இடத்தில் சிக்கல் வரும். அதனால் இங்கே ‘டி’ என்றால் டிசம்பரின் முதலெழுத்து, ‘டீ’ என்றால் டீக்கடையின் முதலெழுத்து. ‘பி’ என்றால் பெங்களூரின் முதலெழுத்து. பென்சிலின் முதலெழுத்து தேவைப்பட்டால் ‘பென்சில் பி’ என்றே சொல்லப்படும். சின்னச் சொற்கள் எழுத்தெழுத்தாகக் கோடிட்டுத் தரப்படும்: சி-ஏ-டீ என்றால் பூனை.

பைக்குள் என்ன இருக்கிறது

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்ச் சும்மா இருந்த காலத்தில், நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்குதான் இன்றும் பைக்குள் இருக்கிறது. ‘லெக்ஸிகோ’ என்றும் ‘கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்’ என்றும் பெயர் மாறி வந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்ற பெயரை 1948இல் வைத்தவர் ஜேம்ஸ் புரூனோ.

பையில் இ எழுத்துக்கு 12 காய்கள். ஏ, ஐ இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது, ஓ எட்டு, யூ நான்கு. ஆக உயிரெழுத்துகள் 42, மெய்யெழுத்துகள் 56. என், ஆர், டீ ஆறாறு. எல், டி நான்கு நான்கு. ஜி மூன்று. கே, ஜே, எக்ஸ், க்யூ, இசட் ஆகியவை ஒவ்வொன்று மட்டுமே. மீதி ஒன்பது எழுத்துகளுக்கு இரண்டிரண்டு. எஸ் மட்டும் தனிக் கதை. ஆங்கிலத்தில் அது வரும் அளவுக்குப் பையில் போட்டால் எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம், ஆட்டம் சப்பென்று போய்விடும் என்று பட்ஸ் கருதினார். ஆகவே நான்கோடு நிறுத்திவிட்டார்.

மதிப்பெண் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஏறும். ஐந்து உயிரெழுத்துகளோடு என், ஆர், டீ, எல், எஸ் ஆகியவற்றுக்கும் ஒன்று. டி, ஜி இரண்டு. பி, சி, எம், பென்சில் பி ஆகியவை மூன்று. எஃப், எச், வி, டபிள்யூ, ஒய் நான்கு. கே ஐந்து. ஜே, எக்ஸ் எட்டு. க்யூ, இசட் பத்து. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தனி முயற்சி வேண்டாம், நாலு ஆட்டம் ஆடினால் தானாகப் படியும்.

எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்பதை அதிகாரபூர்வச் சொற்பட்டியல் தீர்மானிக்கும். இந்தியா, இலங்கை உட்பட உலகின் பெரும்பகுதியில் ஆடப்படுவது காலின்ஸ் பட்டியல். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதைவிடச் சிறிய வேறொரு பட்டியல். காலின்ஸில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் உண்டு. ஆட்கள் பெயர், ஊர்ப் பெயர், சுருக்கக் குறிகள், நடுவில் கோடு போட்டு எழுதும் சொற்கள் எதுவும் செல்லாது.

அத்தனை சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துத் தயங்குவது இந்த இடத்தில்தான், ஆனால் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சுமார் ஒன்பது வாரம் சொற்பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போனார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் அதே விதமாக எடுத்தார். தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயாகோர்ன் 2003இலும், பகோர்ன் நெமித்ருமான்சுக் 2009இலும் ஆங்கில உலகப் பட்டத்தையே வென்றார்கள், அவர்களுடைய தாய்மொழி தாய். வாக்கியத்தில் பயன்படுத்தத் தெரிய வேண்டிய அவசியம் இந்த ஆட்டத்தில் எங்கும் வராது. எழுத்துக்கூட்டு பிழையில்லாமல் நினைவில் இருந்தால் போதும்.

இரண்டெழுத்துச் சொற்கள்

படிப்பைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 120க்கு மேல் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் 100க்குச் சற்று மேல். ஒரு வாரத்தில் முடிகிற வேலை. எல்லாருக்கும் தெரிந்த இன், ஆன், டூ, கோ போன்றவற்றைக் கழித்துவிட்டால் புதிதாகப் படிக்க வேண்டியவை எண்பது தொண்ணூறுதான் தேறும்.

நீளமான சொல் தெரிந்தவர் ஜெயிப்பார் என்று புதிதாக ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். பலகையில் நடப்பது வேறு. ‘டோன்’ என்ற சொல், அதாவது டீ-ஓ-என்-இ, கிடைமட்டமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஓ, என், இ, எஸ் இருக்கின்றன. அவற்றை ‘ஒன்ஸ்’ என்று சேர்த்து டோனுக்கு நேர் கீழே, கட்டத்துக்குக் கட்டம் ஒட்டி வைத்தால், மேலிருந்து கீழாக நான்கு புதுச் சொற்கள் உண்டாகும்: டீ-ஓ, ஓ-என், என்-இ, இ-எஸ். நான்குமே செல்லும். என்-இ என்பது திருமணமான பெண்ணின் பிறந்தகப் பெயரைச் சொல்லும்போது வரும் பிரெஞ்சு வழிச் சொல்லின் ஆண்பால் வடிவம். இ-எஸ் என்பது எஸ் எழுத்தின் பெயர். இனி மதிப்பெண்: ஒன்ஸ் நான்கு, இரண்டெழுத்துச் சொற்கள் நான்குக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 12. இத்தனைக்கும் வைத்த நான்கு காயும் ஒற்றை மதிப்பெண் காய்கள்தான், சிறப்புக் கட்டம் ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை. இப்படி ஒட்டி வைக்கத் தெரியாதவர் அதே காய்களைப் பலகையில் வேறெங்காவது குறுக்கே செருகி ஐந்தோ ஆறோ எடுத்திருப்பார்.

உயிரெழுத்தோடு உயிரெழுத்து சேரும் ஏ-ஏ (ஹவாய்த் தீவின் சொரசொரப்பான எரிமலைக் குழம்பு), ஏ-இ, ஏ-ஐ (தென்னமெரிக்காவின் மூவிரல் தேவாங்கு போன்ற விலங்கு), ஓ-இ, ஓ-ஐ ஆகியவற்றையும், உயிரே இல்லாத எச்-எம், எம்-எம், எஸ்-எச் ஆகியவற்றையும் முதல் நாளே படித்துவிடுவது நல்லது. இக்கட்டில் கைகொடுப்பவை இவைதான். மாறாக, வி எழுத்தைக் கொண்ட இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. பலகையில் வி கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கவே முடியாது என்று இதற்குப் பொருள். சி அநேகமாக அப்படித்தான்: காலின்ஸில் சி-எச் ஒன்று மட்டும் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் அதுவும் இல்லை. முன்னணியில் இருக்கிறவர் எதிராளியின் வழியை அடைக்க நினைத்தால் வியும் சியும் நல்ல பூட்டுகள்.

க்யூ, இசட், எக்ஸ், ஜே

நான்கும் சேர்ந்து 36 மதிப்பெண். பயந்தவருக்குப் பாரம், படித்தவருக்கு வரவு.

க்யூ வந்தவுடன் யூ வருமா என்று காத்திருப்பது பழைய பழக்கம். பையில் யூ நான்கே இருக்கும்போது இது நட்டக் கணக்கு. யூ இல்லாமலே க்யூவை இறக்கும் சொற்கள் காலின்ஸ் பட்டியலில் கணிசமாக உண்டு. எல்லாவற்றிலும் பயன்படுவது க்யூ-ஐ: சீன மருத்துவம் சொல்லும் உயிராற்றல். இரண்டே எழுத்தில் க்யூ கையைவிட்டுப் போய்விடும், எஸ் இருந்தால் வாலில் ஒட்டலாம். அடுத்து க்யூ-ஏ-டீ, ஏமனில் மெல்லும் இலை. பிறகு தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு கூட்டம்: ஃபக்கீர், தலாக், நிகாப், வக்ஃப், காதி, கவ்வாலி. அரபு எழுத்தான காஃபை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதும் வழக்கம் இந்த ஆட்டத்துக்குச் செய்த உபகாரம் இது. வக்ஃப் என்பது டபிள்யூ-ஏ-க்யூ-எஃப்: நான்கே எழுத்தில் 19. கடைத்தெருவைக் குறிக்கும் சூக், எஸ்-யூ-க்யூ, யூ இருந்தும் வரிசை புரண்டு நிற்கும் வேடிக்கைச் சொல்.

எக்ஸ் உண்மையில் நான்கிலும் சுலபமானது. ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ (கிரேக்க எழுத்து), எக்ஸ்-யூ (வியட்நாம் சில்லறைக் காசு) என்று ஐந்து உயிரோடும் சேரும். மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்துக்கு இடப்பக்கம் ஏ, மேல்பக்கம் இ ஏற்கெனவே கிடந்தால் அங்கே எக்ஸை மட்டும் வைத்தால் போதும். குறுக்கே ஏ-எக்ஸ், நெடுக்கே இ-எக்ஸ். எக்ஸின் எட்டு மும்மடங்காகி 24, அதோடு ஒன்று, ஆக ஒரு பக்கம் 25. மறுபக்கமும் 25. ஒரே காய் வைத்து 50.

இசட்டுக்கு இசட்-ஏ உண்டு, பீட்சாவின் செல்லப் பெயர். காலின்ஸில் இசட்-ஓவும் செல்லும், அது இமயமலைப் பக்கத்துக் கலப்பின மாடு. தச்சர் கையில் இருக்கும் வாய்ச்சிக்கு ஆங்கிலத்தில் ஏ-டி-இசட்-இ, 14 மதிப்பெண். ஜேக்கு ஜே-ஓ என்ற ஸ்காட்லாந்துச் சொல் உண்டு. ஆனால் ஜேக்கு நிஜமான உறவுக்காரர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் புழங்கும் சொற்கள்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் போன சொற்கள் ஏராளம். அகராதியில் ஏறியவை பட்டியலிலும் ஏறிவிட்டன. லண்டன்காரர் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியவை தமிழ் வாசகருக்குச் சமையலறையிலும் தாசில்தார் அலுவலகத்திலும் இறைந்து கிடக்கின்றன.

ஜே கையில் இருந்தால் ராஜ், தாஜ், பூஜா, மக்காச் சோளமல்லாத நாட்டுச் சோளமான ஜோவார், கம்பைக் குறிக்கும் பஜ்ரா. எல்லாவற்றுக்கும் மேலே கத்தரிக்காய்: பிரிஞ்சால். பி-ஆர்-ஐ-என்-ஜே-ஏ-எல் என்று சரியாக ஏழு எழுத்து. எழுத்துகளுக்கு 16, ஏழையும் ஒரே தடவையில் இறக்கினால் கிடைக்கும் 50 சேர்த்து 66, கட்டங்கள் தருவது தனி. இங்கிலாந்தில் கத்தரிக்காய்க்குப் பிரெஞ்சுப் பெயர், அமெரிக்காவில் முட்டைச்செடி என்று பெயர், இரண்டு ஊர்க்காரருக்கும் பிரிஞ்சால் சட்டென்று தோன்றாது.

கே இருந்தால் லேக், அதாவது லட்சம்: எல்-ஏ-கே-எச். தாலுக் என்பதும் செல்லும், டீ-ஏ-எல்-யூ-கே. ஜி, எச் சேர்ந்து வந்தால் கீ, காட், அதாவது நெய், படித்துறை. யூ இடித்துக்கொண்டு நின்றால் குரு, அதில் யூ இரண்டு போய்விடும். யூ-ஆர்-டி என்பது உளுந்து. ராகி செல்லும், நீம் செல்லும், இட்லி செல்லும். தோசை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சிரிப்பு வரும். டி-ஓ-எஸ்-ஏ என்பதை ஒருமையாகவும், கடைசியில் ஐ சேர்ந்த தமிழ் உச்சரிப்பு வடிவத்தை அதன் பன்மையாகவும் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தோசை சுட்டாலும் அகராதிக்காரருக்குப் பல. சாம்பார் எழுத்துக்கூட்டும் செல்லும், ஆனால் அது அகராதிக்குள் நுழைந்தது கடமானின் தயவில்.

நேரடியாகத் தமிழிலிருந்து போனவற்றையும் குறித்துக்கொள்ளலாம். சுருட்டு ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று: சி-எச்-இ-ஆர்-ஓ-ஓ-டீ, ஏழு எழுத்து. இரண்டு ஓவோடு சியும் எச்சும் வந்து நின்றால் பலர் திணறுவார்கள், சுருட்டு நினைவுக்கு வந்தவருக்கு 62 நிச்சயம். அணைக்கட்டு அனிகட் ஆகி ஆறெழுத்தில் நிற்கிறது, எஸ் சேர்த்தால் ஏழு. கஞ்சி, பந்தல், கட்டுமரம், குருந்தக் கல், மிளகுத் தண்ணீர் ஆகியவையும் உருமாறிப் பட்டியலில் உண்டு. கடைசிச் சொல்லில் 12 எழுத்துகள், அதை வைக்கிற வாய்ப்பு வாழ்நாளில் வந்தால் பெரிது.

எச்சரிக்கை ஒன்று. ஒரு சொல் இங்கே புழங்குகிறது என்பதாலேயே அது பட்டியலில் இருக்கும் என்று நம்பக் கூடாது, எழுத்துக்கூட்டும் நாம் நினைக்கிற மாதிரி இருக்காது. பட்டியலில் சரிபார்த்த சொல்லைத்தான் கைச்சரக்காகக் கொள்ள வேண்டும். எதிராளி ஆட்சேபித்துச் சொல் செல்லாது என்று ஆனால் காய்களைத் திரும்ப எடுக்க வேண்டும், அந்த முறைக்கு மதிப்பெண் கிடையாது.

உயிர் மிகுந்தால், மெய் மிகுந்தால்

ரேக்கில் மூன்று உயிர், நான்கு மெய் என்ற அளவு வசதியானது. அது கெடும்போது மதிப்பெண்ணைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அளவைச் சரிசெய்ய வேண்டும்.

உயிர் பெருத்துவிட்டால் அடியூ, ஆடியோ, அயோலி, மியாவ், வீஜா ஆகிய ஐந்தெழுத்துச் சொற்கள் ஒவ்வொன்றும் நான்கு உயிரை விழுங்கும். விடைபெறும் சொல்லான அடியூவின் எழுத்துகள் ஏ-டி-ஐ-இ-யூ. மியாவின் எழுத்துக்கூட்டு எம்-ஐ-ஏ-ஓ-யூ. ஆவி அழைக்கும் பலகையான வீஜா ஓ-யூ-ஐ-ஜே-ஏ, ஜேயையும் சேர்த்து இறக்கிவிடும். ‘கூயி’ என்று காட்டில் கூவி அழைப்பது சி-ஓ-ஓ-இ-இ, இரட்டை ஓவும் இரட்டை இயும் ஒரே நேரத்தில் போகும். ஆறு எழுத்தும் உயிராகவே அமைந்த விநோதமும் காலின்ஸில் உண்டு: இ-யூ-ஓ-யூ-ஏ-இ. லத்தீன் வழிபாட்டுப் பாடலின் முடிவில் வரும் ‘செகுலோரும் ஆமென்’ என்ற தொடரிலிருந்து உயிரெழுத்துகளை மட்டும் உருவி எடுத்த இசைக்குறி அது.

மெய் பெருத்தால் ஒய் முதல் துணை. ரிதம் என்ற சொல்லில் ஆறு எழுத்து, ஐந்து மெய்யும் ஒரு ஒய்யும்: ஆர்-எச்-ஒய்-டீ-எச்-எம். வெள்ளைப்போளத்தைக் குறிக்கும் மிர், காட்டுப்பூனை இனமான லிங்க்ஸ், மூன்று ஒய் கொண்ட சிசிஜி ஆகியவையும் அப்படியே. ஒய்யும் இல்லையென்றால் வேல்ஸ் மொழி உதவும். மலைப்பள்ளத்தாக்கைக் குறிக்கும் சி-டபிள்யூ-எம், பழைய நரம்பிசைக் கருவியான சி-ஆர்-டபிள்யூ-டீ-எச் இரண்டும் செல்லும், அந்த மொழியில் டபிள்யூ உயிரெழுத்து. உச்சுக்கொட்டல், நடுக்கம், அதட்டல் ஆகிய ஒலிகளைக் குறிக்கும் டீ-எஸ்-கே, பி-ஆர்-ஆர், எஸ்-எச்-எச் ஆகியவையும் கடைசிப் புகலிடம்.

இரண்டு வழியும் இல்லாதபோது முறையை விட்டுக்கொடுத்துக் காய்களை மாற்றிக்கொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை.

முன்னும் பின்னும் கொக்கி

பலகையில் கிடக்கும் சொல்லின் தலையிலோ வாலிலோ ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு சொல்லாக்குவதைக் கொக்கி என்பார்கள். வாலில் எஸ் சேர்ப்பது எல்லாருக்கும் தெரியும். கேர் என்பது கேர்ஸ் ஆனபின், இன்னொரு எஸ் சேர்ந்தால் தடவிக்கொடுத்தலைக் குறிக்கும் கரெஸ் ஆகிறது என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தோன்றும். முதல் எஸ் போட்டுவிட்டு இனிமேல் இங்கே யாரும் கைவைக்க முடியாது என்று நிம்மதியாக இருப்பவருக்கு இது இடி.

தலைக்கொக்கி இன்னும் வளமானது. காதைக் குறிக்கும் இ-ஏ-ஆர் முன்னால் பி, டி, எஃப், ஜி, எச், எல், என், ஆர், எஸ், டீ, டபிள்யூ, ஒய் எதை வைத்தாலும் சொல் வரும். பென்சில் பி வைத்தால் பேரிக்காய். சொற்களைப் படிக்கும்போதே எந்தச் சொல்லுக்கு எந்தத் தலைக்கொக்கி என்று பக்கத்தில் குறித்துக்கொள்வது பின்னால் பெரிய பலன் தரும். எஸ் காயைப் பத்து மதிப்பெண்கூடக் கூடுதலாகத் தராத இடத்தில் செலவழிப்பது ஊதாரித்தனம். வெற்றுக் காய்க்கு அளவுகோல் இன்னும் கடுமை: ஏழும் ஒரே தடவையில் இறங்கும் வாய்ப்பு வரும்வரை அதைத் தொடாமல் வைத்திருப்பதே மேல்.

ஏழையும் ஒரே தடவையில்

ரேக்கில் உள்ள ஏழு காயும் ஒரே முறையில் இறங்கினால் 50 கூடுதல். இதற்குப் பிங்கோ என்று பெயர். நல்ல ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று பிங்கோ விழும். அது தற்செயலாக விழுவதல்ல. முந்தைய முறைகளில் எதை இறக்கினார், எதை வைத்துக்கொண்டார் என்பதன் விளைவு.

வைத்துக்கொள்ள வேண்டிய எழுத்துகள் பொதுவாக ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ. இந்த ஏழும் சேர்ந்தாலே குறைந்தது ஒன்பது சொற்கள் கிடைக்கும். ரீட்டெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், பிசின் மணம் கொண்ட கிரேக்க மதுவான ரெட்சினா, மெழுகுவர்த்தியில் சேரும் கொழுப்பான ஸ்டியரின் என்று எழுத்து ஒன்றே, அடுக்கு மட்டும் வேறு. ஒன்பது சொல் தெரிந்திருப்பதன் பயன் பலகையில் இடம் தேடும்போது புரியும். முதலெழுத்து ஆர் ஆக வேண்டிய இடம், என் ஆக வேண்டிய இடம், எஸ் ஆக வேண்டிய இடம் எதுவானாலும் சொல் உண்டு.

ஆர் இல்லாமல் மற்ற ஆறு மட்டும் சேர்ந்திருந்தால் மூலிகைக் கஷாயத்தைக் குறிக்கும் டிசேன். இந்த ஆறோடு ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் சொல் அமையும். டி வந்தால் இன்ஸ்டெட். ஜி வந்தால் சீட்டிங், டீசிங். கே வந்தால் இன்டேக்ஸ். எல் வந்தால் சேலியன்ட், என்டெய்ல்ஸ். எம் வந்தால் இன்மேட்ஸ். யூ வந்தால் ஆன்ட்டீஸ், நம் அத்தைமார்களும் சித்திமார்களும்தான். வி வந்தால் நேட்டிவ்ஸ். இசட் வந்தால்கூட ஸேனியஸ்ட் இருக்கிறது. இப்படி ஆறெழுத்து மூலம் ஒன்றை எடுத்து, ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து அட்டவணை போட்டுப் படிப்பது உலக அளவில் ஆடுகிறவர்களின் பழைய பயிற்சி.

கண் பழகாதவரை ரேக்கில் உள்ள முன்னொட்டு, பின்னொட்டுகளை ஓரமாக ஒதுக்கிவைத்துப் பார்க்கலாம். ஐ-என்-ஜி, இ-ஆர், இ-டி, இ-எஸ்-டீ ஆகியவற்றை வலப்பக்கம் தள்ளினால் மிஞ்சும் மூன்று நான்கு எழுத்தில் சொல் தானாகத் தலைகாட்டும். ஆர்-இ, யூ-என், ஓ-யூ-டீ ஆகியவற்றை இடப்பக்கம் தள்ளியும் பார்க்க வேண்டும். ஓ-யூ-டீ என்பது எதிர்பாராத வினைச்சொற்களோடெல்லாம் ஒட்டும்.

ஒரே முறையில் எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கு 1982இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னாவ் வைத்த சொல் புகழ்பெற்ற உதாரணம். கரீபியன் பகுதியின் பழங்குடித் தலைவரைக் குறிக்கும் கசீக் என்பதன் பன்மை: சி-ஏ-இசட்-ஐ-க்யூ-யூ-இ-எஸ். எட்டு எழுத்து, அதனால் ஒன்று பலகையில் முன்பே இருந்திருக்கும். எழுத்துகளின் மதிப்பு 28. பலகையின் ஓரத்தில் நடுக்கட்டத்திலிருந்து மூலைவரை ஓடினால் க்யூ இரட்டிப்புக் கட்டத்தில் விழும், 38 ஆகும். இரு முனையிலும் மும்மடங்குச் சொற்கட்டம், ஆகவே ஒன்பது மடங்கு: 342. பிங்கோவுக்கு 50. மொத்தம் 392. சாதாரண வீட்டு ஆட்டங்களில் இருவரும் சேர்ந்து முழு ஆட்டத்தில் எடுக்கிற தொகை இது.

மற்ற எழுத்தாட்டங்கள்

இதே சொற்கிடங்கு வேறு ஆட்டங்களுக்கும் உதவும், ஆனால் முன்னுரிமை மாறும்.

பாகிளில் 16 பகடைகள், மூன்று நிமிடம். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைத் தொட்டுச் சொல் கட்ட வேண்டும், குறைந்தது மூன்றெழுத்து. அபூர்வ எழுத்துக்கு இதில் கூடுதல் மதிப்பெண் இல்லை, நீளத்துக்குத்தான். அதனால் க்யூ-ஐ வகையறா இங்கே செல்லாக்காசு. கொக்கிகளும் பின்னொட்டுகளும்தான் சோறு போடும்.

பிரிட்டனில் 1982 நவம்பர் முதல் ஓடும் கவுண்ட்டவுன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எழுத்தை ஓரளவு ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம். ஒன்பது எழுத்தில் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்பது அவர் கேட்பது, குறைந்தது மூன்று உயிரும் நான்கு மெய்யும் இருக்க வேண்டும். பிறகு 30 விநாடி. இங்கே ஆறேழு எழுத்து மூலங்களைப் படித்தவர் கை ஓங்கும்.

நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீயில் ஏழு எழுத்துகள், நடுவில் உள்ளது எல்லாச் சொல்லிலும் வர வேண்டும், குறைந்தது நான்கெழுத்து. ஓர் எழுத்தை எத்தனை தடவையும் பயன்படுத்தலாம் என்பதால் ஒரே எழுத்து இரட்டித்து வரும் சொற்களைத் தேடும் பழக்கம் வேண்டும். எஸ் அதில் வருவதே இல்லை, பன்மை என்ற குறுக்குவழி அடைபட்டுவிட்டது. ஏழு எழுத்தும் வரும் சொல்லுக்கு ஏழு கூடுதல். ஆனால் சொற்களைத் தொகுப்பாளர் தேர்ந்தெடுப்பதால் ஸ்கிராபிளின் விநோதச் சொற்கள் பல அங்கே ஏற்கப்படாது.

ஜாஷ் வார்டில் 2021இல் வெளியிட்டு, அடுத்த ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்ட வேர்டிலில் ஐந்தெழுத்து, ஆறு முயற்சி. விடைகள் எல்லாருக்கும் தெரிந்த சொற்களாகவே இருக்கும். முதல் முயற்சிக்கு ஸ்லேட், கிரேன் போன்று அடிக்கடி வரும் மெய்களோடு ஏயும் இயும் கலந்த சொல் நல்லது. நான்கு உயிர் கொண்ட அடியூவைப் பலர் விரும்புகிறார்கள், ஆனால் விடையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் மெய்யெழுத்துகள்தான்.

மனப்பாடம் செய்யும் வரிசை

முதல் வாரம் இரண்டெழுத்துச் சொற்கள். அடுத்து யூ இல்லாத க்யூ சொற்கள், பிறகு ஜே, எக்ஸ், இசட் வரும் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள். அதன் பிறகு மூன்றெழுத்துச் சொற்கள் முழுவதும், தலைக்கொக்கிகளோடு சேர்த்து. காலின்ஸில் அவை ஆயிரத்துக்கு மேல் இருப்பதால் சில மாதம் பிடிக்கும். உயிர்ச்சொற்கள், மெய்ச்சொற்கள் ஆகியவற்றை நடுநடுவே செருகிக்கொள்ளலாம். டிசேன் போன்ற ஆறெழுத்து மூலங்கள் கடைசியில்.

ஏழெழுத்துச் சொற்களுக்குச் சொல்லைப் பார்த்து எழுத்தைப் படிப்பது தலைகீழ்ப் பாடம். ரேக்கில் சொல் வருவதில்லை, எழுத்துகள்தான் கலைந்து வரும். ஆகவே ஒரு சீட்டின் முன்பக்கம் எழுத்துகளை அகர வரிசையில் எழுத வேண்டும்: சி-இ-எச்-ஓ-ஓ-ஆர்-டீ. பின்பக்கம் விடை, செரூட். ஆட்டத்தின்போதும் ரேக்கை முதலில் அகர வரிசைக்குக் கொண்டுவந்தால் படித்த சீட்டின் முன்பக்கம் அப்படியே கண்ணெதிரே நிற்கும்.

சீட்டுகளை மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது வசதி. முதல் பெட்டி தினமும், இரண்டாவது வாரம் ஒருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால், மூன்றாவது பெட்டியில் இருந்த சீட்டானாலும், திரும்ப முதல் பெட்டிக்கே.